வீட்டில் மிண்டாத மனுஷன்

லீலாபாயின் பொறாமை ஊரறிந்தது. கொல்லயில் பஞ்சாயத்தில், பாறசாலை ரோட்டிலிருந்து இறங்கும் இடவழியின் கடைசி வீடு அவளுடையது. எல்.பி. ஸ்கூலில் மதியச் சாப்பாடு ஆக்குகிறவள். நூற்றிப்பத்துப் பிள்ளைகளுக்குச் சோறும் பயறும் வைத்துப் பரிமாறி, வார்ப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவாள். கை சுத்தம், வாய்ச்சொல் சுத்தம். ஆனால் அடுத்த வீட்டுக் கறிவேப்பிலை தன் வீட்டுக் கறிவேப்பிலையைவிடத் தழைத்துவிட்டால் இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்காது. அங்கே பொறாமைக்குக் குசும்பு என்றுதான் பேர். "எனக்குக் குசும்பு கொஞ்சம் கூடுதலாக்கும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்க முடியாத குசும்பு ஒன்றும் அவளுக்கு இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக, கிருஷ்ணன்குட்டியின் மேல்.

லீலாபாயின் புருஷன் பொன்னுதாஸ் கிணறு வெட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு ஒரே கூட்டாளி, கிருஷ்ணன்குட்டி. ஒருவர் உள்ளே இறங்கினால் மற்றவர் மேலே கயிறு பிடிப்பார். நெய்யாற்றின்கரையிலிருந்து கேரள எல்லை தாண்டிக் களியக்காவிளை வரை அவர்கள் தோண்டாத மண் இல்லை. காலையில் ஆறரைக்குக் கிருஷ்ணன்குட்டி சைக்கிள் மணியை அடிப்பார். சாயந்தரம் இருவரும் ஜங்ஷன் டீக்கடையில் இருந்து பேசுவார்கள். வீட்டுக்கு வரும்போது பொன்னுதாஸிடம் பேச்சு மிச்சம் இருக்காது.

"நீங்க ரெண்டுபேரும் அப்பிடி என்னத்தத்தான் பேசுதிய?" என்று லீலாபாய் கேட்பாள்.

"சும்மா ஓரோ காரியம்."

"அந்த ஓரோ காரியத்தில ஒண்ண எனக்கிட்ட சொல்லுங்க, நானும் கேக்குதேன்."

அவர் யோசிப்பார். ஒன்றும் ஓர்மை வராது. சோற்றைப் பிசைவார். கல்யாணம் கழிந்து மகள் பின்சி பிறந்து, அவளையும் கோட்டுகாலுக்குக் கட்டிக்கொடுத்த பிறகும் இது மாறவில்லை. தன் புருஷனின் நல்ல பகுதியை இன்னொருத்தன் தினமும் தின்றுவிட்டு எலும்பை அனுப்புகிறான் என்று லீலாபாய் நினைத்துக்கொண்டாள். கிருஷ்ணன்குட்டி வீட்டுக்கு வந்தால் டீ கொடுப்பாள். சர்க்கரை மட்டும் ஒரு கரண்டி குறைத்துப் போடுவாள்.

போன வருஷம் ஜூனில், இடவப்பாதி மழை தொடங்கிய வாரத்தில், ஒரு பழைய கிணற்றுக்குச் சிமென்ட் உறை இறக்கும் வேலை. உறை ஒன்று சாய்ந்து நின்றது. அதை நேராக்க இரண்டு பேர் வேண்டும் என்று இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள். காலை பதினொரு மணிக்குப் பக்கத்து மண் மொத்தமாக இடிந்து உள்ளே விழுந்தது.

லீலாபாய்க்கு ஸ்கூலில் தகவல் கிடைத்தது. கையில் ஒட்டிய பயறோடு ஓடினாள். கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, பயர் போர்ஸ்காரர்கள் யாரையும் பக்கத்தில் விடவில்லை. மூன்று மணி வாக்கில் மேலே வந்த ஒருவர், உள்ளே ஒரு ஆளுக்குத்தான் உயிர் இருக்கிறது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எந்த ஆள் என்று தெரியவில்லை. கிருஷ்ணன்குட்டியின் மனைவி குமாரி கிணற்றின் அந்தப் பக்கம் இருந்தாள். லீலாபாய் இந்தப் பக்கம் ஒரு பாக்குமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஐந்து மணிக்குப் பொன்னுதாஸைத் தூக்கினார்கள். அதற்குப் பிறகு கிருஷ்ணன்குட்டியை.

இரண்டு விலா எலும்பு முறிவோடு பொன்னுதாஸ் ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். எலும்பு கூடியது. ஆனால் மனுஷன் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. முற்றத்தில் பலா மரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டுக்கொண்டார். மழை பெய்தால் சிட்அவுட்டின் விளிம்பில் இருப்பார். குளிமுறியின் கதவை அடைக்க மாட்டார். லீலாபாய் வெளியே ஆள் வராமல் காவல் நிற்பாள். பேச்சு "ஆங்", "வேண்டாம்" என்ற இரண்டு சொல்லில் நின்றுவிட்டது. சபையிலிருந்து பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். பொன்னுதாஸ் ஆமென்கூட வாய்க்குள்ளேதான் சொன்னார்.

ஏழு மாதம் இப்படிப் போன பிறகு, வீடு வீடாக வரும் ஆஷா சுகாதாரப் பணியாளர் பிந்து வந்தாள். ஆரோக்கிய கேந்திரத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு மனநல டாக்டர் வருகிறார், மருந்து எழுதுகிறவர் அல்ல, பேச வைத்துச் சரியாக்குகிறவர் என்றாள். லீலாபாய்தான் பொன்னுதாஸை வற்புறுத்திக் கூட்டிப் போனாள். பிற்பாடு அதை நினைத்து அவள் பல தடவை தன்னையே ஏசிக்கொண்டதுண்டு.

டாக்டரின் பேர் ஜோஸ்னா. முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயசு இருக்கும். சின்ன முறி. இருந்த ஒரு ஜன்னலையும் இரும்பு அலமாரி மறைத்திருந்தது. பொன்னுதாஸ் உள்ளே போய்க் கதவு சாத்தப்பட்டதும் லீலாபாய் பெஞ்சில் இருந்து ஜெபம் பண்ணத் தொடங்கினாள். ஜெபம் முடியும் முன்பே கதவு படாரென்று திறந்தது. அவர் வேர்த்து ஒழுகி, சுவரைப் பிடித்து நடந்து, வெளியே அயினி மரத்தடியில் போய் நின்று மூச்சு வாங்கினார்.

ஜோஸ்னா பின்னால் வந்தாள். அவரை உள்ளே அழைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வேரில் இருந்தாள். பத்து நிமிஷம் இரண்டு பேரும் மரத்தின் மேலே ஓடும் அணிலைப் பார்த்தார்கள். பிறகு எழுந்து லீலாபாயிடம் வந்தாள்.

"அக்கா, நாங்க கனால் கரையில ஒண்ணு நடந்திட்டு வாறோம். அண்ணனுக்கு அடச்ச முறி ஆகாது."

"நடக்கதுக்கு எதுக்கு டாக்டரு?"

"நடக்கதுக்கு இல்ல அக்கா, பேசதுக்கு. இங்கயும் அங்கயும் சிகிச்ச ஒண்ணுதான். அங்க கதவு இல்ல, அவ்வளவுதான்."

அதிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் நாலு மணிக்குக் கனால் கரை. ஆரோக்கிய கேந்திரத்துக்குப் பின்னால் ஐம்பது அடி நடந்தால் கரை வந்துவிடும். ஒரு பக்கம் நெய்யாற்றுத் தண்ணீர் ஓடும், மறுபக்கம் முன்பு நெல் விளைந்த ஏலா, அதில் இப்போது வாழையும் மரச்சீனி என்னும் மரவள்ளியும். ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வருவார்கள். முதல் மாதம் லீலாபாய்க்கு இது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. இரண்டாம் மாதம் கேலி போய்விட்டது.

ஏனென்றால் பொன்னுதாஸ் செவ்வாய்க்கிழமை சவரம் செய்யத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை பெட்டியிலிருந்து நீலக்கோடு போட்ட சட்டையை எடுத்தார். அது பின்சியின் கல்யாணத்துக்குத் தைத்தது. வரும்போது முகத்தில் தெளிச்சம் இருந்தது. காலில் சேறு இருந்தது. கிணற்று மண்ணைப் பார்த்தாலே வெளிறிப்போகிற மனுஷன் சேற்றில் எப்படி இறங்கினார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன பேசினிய?" என்று கேட்டாள்.

"சும்மா."

அந்தப் பழைய சொல்லேதான். ஜோஸ்னாவிடம் கேட்டாள். "அத நான் சொல்லக்கூடாது அக்கா. அண்ணனுக்குத் தோணும்போ அவரே சொல்லட்டும்" என்றாள் அவள். மரியாதையாகத்தான் சொன்னாள். லீலாபாய்க்கு முகத்தில் கதவைச் சாத்தியது போல இருந்தது.

மார்ச் மாதம் அயினிப்பழம் பழுத்தது. பொன்னுதாஸ் கரையோரத்து மரத்தில் கொக்கி வைத்த தோட்டிக் கம்பு போட்டு ஜோஸ்னாவுக்குப் பழம் பறித்துக் கொடுத்ததாக பிந்து ஒரு நல்ல காரியம் போல வந்து சொன்னாள். "மக்கா, விதையத் துப்பிரு" என்று அவர் சொன்னதைத் தன் காதால் கேட்டாளாம். எவ்வளவு மாற்றம், பார்த்தீர்களா அக்கா என்றாள்.

அன்று ராத்திரிக் கஞ்சிக்கு லீலாபாய் துவையல் அரைக்கவில்லை. "எனக்கு ஒரு பழம் கொண்டு வரணும்னு தோணல்ல, இல்லியா?" என்று மட்டும் கேட்டாள். பொன்னுதாஸ் நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே தோன்றவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸ்கூலிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஏலாவில் இறங்கி, மரச்சீனிக்கு ஊடே நடந்து, கரைக்குச் சமமாகப் பின்னால் போனாள். ஐம்பத்திரண்டு வயசில் புருஷனுக்குப் பின்னால் ஒளிந்து நடப்பது வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிடப் பொறாமைக்குக் கால் வலு கூடுதல்.

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கொஞ்சம் பேச்சு, பிறகு வெகுதூரம் பேச்சில்லை. பொன்னுதாஸ் திணறி நிற்கும்போது ஜோஸ்னாவும் நிற்பாள். தண்ணீரில் மீன்கொத்தி பாயும், அதைப் பார்ப்பார்கள். அவருக்கு மூச்சு சீராகும், மறுபடி நடப்பார்கள். லீலாபாய் எதிர்பார்த்த எதுவும் அங்கே நடக்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை.

வாழைத் தோட்டத்தின் மூலையில் ஒரு கிணறு இருந்தது, கைப்பிடிச் சுவர் பாதி இடிந்தது. அதற்குப் பத்தடி தூரத்தில் ஒரு கம்பு நட்டிருந்தது. பொன்னுதாஸ் அந்தக் கம்பைப் பிடுங்கி, கிணற்றுப் பக்கம் இரண்டடி முன்னால் வைத்து நட்டார். அங்கே நின்றார். கம்பை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"போதும்னா பின்னால போலாம் அண்ணா" என்றாள் ஜோஸ்னா.

"வேண்டாம். நிக்கேன்."

பிறகு அவர் பேசினார். மரச்சீனி மறைவிலிருந்து லீலாபாய்க்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அவனுக்குக் கழுத்து வர மண்ணு. எனக்கு நெஞ்சு வர. அவனுக்க முகம் எனக்க தோளுகிட்ட இருந்து. மிண்டிட்டே இருந்தான். மழையப் பற்றி, பசுவப் பற்றி, குமாரி சாளைமீன் வாங்கிக் கறி வச்சிருப்பா, ஆறிப்போவும்னு. நான் சொன்னேன், எலே மிண்டாத, மூச்சு தீந்து போவும், சும்மா இரின்னு. அவன் சரின்னான். பிறகு மிண்டல்ல."

ஜோஸ்னா கம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நான் சொன்னதக் கேட்டு சும்மா இருக்கான்னு நெனச்சேன் மக்கா. ரெண்டு மணிக்கூறு அப்பிடியே நெனச்சேன். கடைசியா ஒரு மனுஷன் பேச ஆசப்பட்டான். நான் விடல்ல."

அவர் மண்ணில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. ஏலாவில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று வாழை இலைகளைப் புரட்டியது. அவர் அழ வேண்டிய மட்டும் அழுவதற்கு அங்கே இடம் இருந்தது.

லீலாபாய்க்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை இல்லை. ஒன்பது மாதம் தன் பக்கத்தில் இருந்து கஞ்சி குடித்த மனுஷன், தான் கால் பிடித்துவிட்ட மனுஷன், இதை எடுத்துக் கொடுத்தது ஒரு அந்நியப் பெண்ணுக்கு. அவள் மரச்சீனியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"இத எனக்கிட்ட சொல்லப்பிடாதா?"

பொன்னுதாஸ் திரும்பினார். ஜோஸ்னா எழுந்தாள். "அக்கா, இப்ப வேண்டாம்…"

"நீ மிண்டாத. எனக்க வீட்டில இல்லாத காத்து இங்க என்ன வீசுது? இருபத்தெட்டு வருஷம் அவன் கொண்டு போனான். இப்ப நீயா?"

"எடி" என்றார் பொன்னுதாஸ். குரல் தாழ்ந்துதான் இருந்தது. "வீட்டில வாய் தொறந்தா எனக்க வாயில மண்ணு வருது. சுவரு பக்கத்தில வருது. இங்க ஆகாசம் தெரியுது, அதனால சொல்லப் பற்றுது. பின்ன, உனக்கிட்ட சொன்னா நீ அழுவா. அப்பம் உன்னயும் நான் பாக்கணும். என்னயே எனக்குப் பாக்கப் பற்றல்ல."

அவர் வரப்பு வழியாக நடந்து போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் அவர் சவரம் செய்யவில்லை. நாலு மணிக்குப் பலா மரத்தடியிலேயே இருந்தார். வெள்ளியும் அப்படியே. ஸ்கூல் அடைத்து லீவு தொடங்கியது. லீலாபாய் நாள் முழுக்க வீட்டில் இருந்து அவரைப் பார்த்தாள். "ஆங்"கும் நின்றுவிட்டது. யாரும் அவரை அவளிடமிருந்து பங்கு கேட்கவில்லை. முழு மனுஷனும் அவளுக்கே கிடைத்தார், ஆனால் உள்ளே ஆள் இல்லை. இதற்குத்தானா அந்தக் கூத்து என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். பதினைந்து நாள் பொறுத்தாள். பிறகு நல்ல சேலை உடுத்திக்கொண்டு ஆரோக்கிய கேந்திரத்துக்குப் போனாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஆனால் ஜோஸ்னாவைக் கண்டதும் நாக்கு மறுத்தது.

"உள்ள இருந்து பேசலாமா அக்கா, வெளிய போலாமா?"

லீலாபாய் அலமாரி மறைத்த ஜன்னலைப் பார்த்தாள். "வெளிய" என்றாள்.

கனால் கரையில் கொஞ்ச தூரம் பேசாமலே நடந்தார்கள். தண்ணீர் அவர்களோடு கூடவே வந்தது. யாரும் தன் முகத்தைப் பார்க்கவில்லை என்பது லீலாபாய்க்கு மெல்லத்தான் உறைத்தது. சமையல்கட்டிலும் சபையிலும் எப்போதும் யாராவது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இங்கே கண்ணை எங்கே வைப்பது என்ற கவலை இல்லை. வாழையில் வைக்கலாம். தண்ணீரில் வைக்கலாம்.

"எனக்குக் கிருஷ்ணன்குட்டிய பிடிக்காது" என்று தொடங்கினாள். சர்க்கரை குறைத்த டீயைச் சொன்னாள். சைக்கிள் மணி கேட்டால் வரும் எரிச்சலைச் சொன்னாள். கரையில் ஒரு வளைவு வந்தது. வளைவு திரும்பும்போது அவள் நினைக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"ஒரு ஆளுக்குத்தான் உயிரு உண்டுன்னு சொன்னாங்க. நான் பாக்குமரத்தப் பிடிச்சிட்டு நிண்ணேன். கர்த்தாவே, மத்தவன் போயிருக்கணும்னு வேண்டினேன். போனவன் கிருஷ்ணன்குட்டியா இருக்கணும்னு பேரு சொல்லி வேண்டினேன். கிணத்துக்கு அந்தப் பக்கம் குமாரி நிக்கா, எனக்குத் தெரியும். கர்த்தரு கேட்டாரு." அவள் நடையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்ல முடியாமல் போகும் என்று பட்டது. "இவரு எனக்குக் கிடச்சதுல எனக்கு அப்ப சந்தோஷத்தவிட, அவன் தீந்தானேன்னு ஒரு… அதும் உண்டு. அதும் இருந்து."

ஜோஸ்னா அவளோடு சேர்ந்து நடந்தாள். வெகுதூரம் போன பிறகு கேட்டாள். "இத ஆருக்கிட்டயாவது சொன்னதுண்டா அக்கா?"

"இல்ல."

"அண்ணன்கிட்ட?"

"அவருகிட்ட இத எப்பிடிச் சொல்லதுக்கு? அவரு தாங்கிக்கிடுவாரா?"

சொல்லிவிட்டு லீலாபாய் நின்றாள். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. ஜோஸ்னா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, தண்ணீரைத்தான் பார்த்தாள். லீலாபாய் கரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதாள். இரண்டு பெண்கள் புல்லுக்கட்டோடு கடந்து போனார்கள். அவர்கள் பார்த்ததுகூட அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை.

வீட்டுக்கு வந்து பலா மரத்தடியில் நின்றாள். "இண்ணு நான் அந்தப் பிள்ளகூட நடந்தேன்."

பொன்னுதாஸ் தலை தூக்கினார். "என்ன பேசினிய?"

"சும்மா" என்றாள் லீலாபாய்.

பொன்னுதாஸ் சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளிக்கிழமை அவர் மறுபடி போனார். செவ்வாய் நாலு மணி அவருக்கு, ஐந்து மணி லீலாபாய்க்கு என்று ஆனது. நடை முடிந்து அவள் கிளம்பும்போது சில நாள் ஜோஸ்னா அடுத்து வந்த யாரோ ஒரு பெண்ணோடு சிரித்துப் பேசத் தொடங்குவாள். அதைக் கண்டாலும் லீலாபாய்க்கு உள்ளே சுருக்கென்று குத்தும். அதையும் ஜோஸ்னாவிடமே சொன்னாள். "பரவாயில்ல அக்கா, அதும் பேசுவோம்" என்றாள் ஜோஸ்னா.

மே மாதக் கடைசியில் பொன்னுதாஸ் அந்தக் கிணற்றின் இடிந்த சுவரில் கை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். இனி எந்தக் கிணற்றிலும் இறங்கப்போவதில்லை என்று அங்கேயே தீர்மானித்தார். ஆனால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. அதை வீட்டில் வைத்து, முற்றத்தில் இருந்தானாலும், லீலாபாயிடம் அவரே சொன்னார். "குமாரிகிட்ட சொல்லணும். நீ கூட வருவியா?"

கிருஷ்ணன்குட்டி இறந்து வருஷம் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போனார்கள். குமாரி மாட்டுத் தொழுத்துக்குப் பக்கத்தில் பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து இருக்கச் சொன்னாள். "இங்கயே நிக்கோம் குமாரி" என்றார் பொன்னுதாஸ். கிணற்றில் நடந்ததை எல்லாம் சொன்னார். பசுவைப் பற்றிப் பேசினதை, சாளை ஆறிப்போகும் என்றதை. தான் வாயை அடக்கச் சொன்னதையும் சொன்னார். குமாரியின் முன்னால் அவர் கண்ணீர் விட்டு நிற்பதைப் பார்க்க லீலாபாய்க்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் வலித்தது. இருந்தாலும் அந்த இடத்திலிருந்து அவள் நகரவில்லை.

குமாரி வாளியைக் கீழே வைத்தாள்.

"முப்பது வருஷமா, கொஞ்சம் மிண்டாத இரியும்னு நான் சொல்லியும் அந்த மனுஷன் கேட்டதில்ல" என்றாள். "நீங்க ஒரு தடவ சொன்னிய, கேட்டிருக்கு. எனக்கு உங்க மேல எப்பவும் குசும்புதான் அண்ணா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சாளை அண்ணைக்கு வாங்கினேன். எப்பிடித் தெரிஞ்சிது அவருக்கு?"

லீலாபாய் அவள் பக்கத்தில் போய் நின்றாள். சொல்ல வேண்டியது அவளிடமும் ஒன்று இருந்தது. பாக்குமரத்தடியில் வேண்டினதை அவள் அன்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. குமாரியின் கையிலிருந்து வாளியை வாங்கி, பசுவுக்கு மிச்சத் தண்ணீரைக் காட்டினாள்.

இப்போது பொன்னுதாஸ் நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு செடி நர்சரியில் வேலை பார்க்கிறார். மழைக்காலம் வந்தபோது வீட்டுக்குள் வந்து படுத்தார். படுக்கைமுறியின் கதவைக் கீலோடு கழற்றி வீட்டுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டில் இப்போதும் அவர் பேச்சு குறைவுதான். மழை இல்லாத சாயந்தரங்களில் இருவரும் கனால் கரைக்குப் போகிறார்கள். கனால் பாலம் தாண்டிய பிறகு அவர் ஏதாவது சொல்லத் தொடங்குவார், நர்சரியில் வந்த ரோஜாக் கம்பைப் பற்றி, சில நாள் கிருஷ்ணன்குட்டியைப் பற்றி. ஜோஸ்னாவிடம் இதைவிடக் கூடுதல் சொல்லியிருப்பார் என்று லீலாபாய்க்குத் தோன்றும். தோன்றினாலும் அவள் நடையைக் குறைப்பதில்லை, அவர் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.